வைஃபையைத் திட்டுவதற்கு முன்னால்

போன மாதம் பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் ஷோகேஸில் இரண்டு ரவுட்டர்கள் மினுக்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது ஒன்று பெட்டி பிரிக்காமல் டிவிக்குக் கீழே இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். மாடி அறைக் கம்ப்யூட்டரில் மகளின் கல்யாண வீடியோ இருக்கிறது, அதை ஹால் டிவியில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. "ஏனுங்க தம்பி, நெட் பிளானையும் பெருசு பண்ணிட்டேன், ரவுட்டரும் மாத்திட்டேன். இன்னமும் தாலி கட்டுற நேரத்துக்கு வட்டம் சுத்திட்டு நிக்குதுங்க" என்றார்.

இதே தப்பை நானும் செய்து பணத்தை விட்டிருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தெரிந்தவர்கள் வீடுகளில் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுக்க ஆரம்பித்த பிறகு, புதிதாக இறங்குகிறவர்கள் நான் இடறிய அதே கல்லில் இடறுவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். பாஸ்வேர்டைத் தப்பாகப் போடுவது, டிவியில் சோர்ஸ் மாற்ற மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகப் பிடிபட்டுவிடும்.

படம் நின்றால் வைஃபை மேல் பழி போடுவது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், காரணம் இதில் போவது மனுஷனின் காசு.

முதலில் நெட் பிளான். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படம் ரவுட்டர் வழியாக நேராக டிவிக்குப் போகிறது. வாசலைத் தாண்டுவதே இல்லை. கேபிள்காரர் 40 எம்பிபிஎஸ் கொடுத்தாலும் 300 கொடுத்தாலும் இந்த வேலைக்கு ஒன்றுதான். சந்தேகம் இருந்தால், டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கம்ப்யூட்டர் படத்தை டிவிக்கு அனுப்பும் முறை) வழியாக ஒரு படத்தை ஓடவிட்டு, வெளியிலிருந்து வரும் ஃபைபர் வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ரவுட்டர். சாதாரண 1080பி படம் நொடிக்குப் பத்து மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். புளூரே தட்டிலிருந்து அப்படியே எடுத்தது என்றால்கூட வீடியோ 40 மெகாபிட்டைத் தாண்டாது. ஒரே அறையில் இருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதைச் சிரமமில்லாமல் சுமக்கும். அப்படியானால் ஏன் நிற்கிறது?

டிவிக்கு எல்லாக் கோப்பும் செரிக்காது. வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, ஒலி எந்த வகை, சப்டைட்டில் எழுத்தா படமா, எல்லாம் அதற்கு ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தால் சர்வர், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து படத்தை அனுப்பும் மென்பொருள், கோப்பை அப்படியே எடுத்து நீட்டிவிடும். ஒத்துவராவிட்டால், ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற சர்வர்கள் படம் ஓட ஓடவே அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங். நெல்லைக் கொடுத்தால் டிவி வாங்காது, அரிசியாக்கித்தான் தர வேண்டும். அந்த அரவை மில் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிறது. பழைய மில் என்றால், பந்தியில் இலை போட்டாகிவிட்டது, அரிசி இன்னும் வரவில்லை என்ற கதைதான். டிவியில் சுற்றும் வட்டம் அந்தக் காத்திருப்பு. வைஃபை சும்மா இருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். மாமனார் உடுமலைக்காரர், அப்போது எங்களோடு இருந்தார். மலையாளப் படம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் கோழிக்கோட்டுப் பக்கத்துப் பேச்சு வேகமாக வந்தால் பிடிபடாது, அதனால் சப்டைட்டில் எப்போதும் ஓட வேண்டும். நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த புளூரே தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து டிவிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் ஓடும், நிற்கும். "நெட்டு சரியில்லையா மாப்பிள்ளை?" என்பார். நானும் அதையே நம்பினேன். புது ரவுட்டர் வாங்கினேன், நின்றது. எங்கள் வீடு வெட்டுக்கல் சுவர், முக்கால் அடிக்குக் குறையாத கனம், சிக்னல் அதில்தான் சாகிறது என்று முடிவு கட்டி, சுவரைத் துளைத்து 25 மீட்டர் லேன் கேபிள் இழுத்தேன். அப்புறமும் நின்றது.

ஒரு ராத்திரி படம் ஓடும்போது வேறு வேலையாகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே ஃபேன் இரைகிற சத்தம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஹாலுக்குக் குரல் கொடுத்து, "மாமா, சப்டைட்டிலை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க" என்றேன். ரிமோட்டை அழுத்திய சில நொடியில் அந்த 100 மூன்றுக்கு இறங்கியது. ஃபேன் அடங்கியது. ஹாலில் படம் நிற்காமல் ஓடியது.

விஷயம் இதுதான். புளூரே தட்டில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் படம். பிஜிஎஸ் என்பார்கள். என் டிவிக்கு அந்த வகை தெரியாது. அதனால் சர்வர் என்ன செய்கிறது? ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து, அதன்மேல் அந்த எழுத்துப் படத்தைப் பதித்து, மறுபடி சுருக்கி அனுப்புகிறது. வீடியோ டிவிக்கு முழுசாக ஒத்துவந்தாலும், ஒரு சப்டைட்டிலுக்காக மொத்த வீடியோவும் அரவைக்குப் போகிறது. டிவிடி சப்டைட்டிலும் இதே மாதிரி படம்தான். நான் சுவரைத் துளைத்தது வீண்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? படம் ஓடும்போது ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறங்கள். பிரவுசரில் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியோடு 8096 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்தால் வரும். எந்த டிவியில் எந்தப் படம் ஓடுகிறது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டைரக்ட் பிளேயா (கோப்பை அப்படியே நீட்டுவது), டிரான்ஸ்கோடிங்கா என்று போட்டிருக்கும், மாற்றுகிறது என்றால் ஏன் மாற்றுகிறது என்ற காரணமும் இருக்கும். பிளெக்ஸிலும் இதே தகவல் டாஷ்போர்டில் கிடைக்கும். ரவுட்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் இந்த ஒரு திரையைப் பார்த்தால் போதும்.

காரணம் தெரிந்துவிட்டால் மருந்து சுலபம். சப்டைட்டில் என்றால், அதை எழுத்து வடிவ எஸ்ஆர்டி கோப்பாக மாற்றி, படத்தின் பெயரையே வைத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் படத்திலிருந்து எழுத்தைப் படித்து மாற்றித் தரும். இல்லாவிட்டால் பிஜிஎஸ்ஸை நேரடியாகக் காட்டத் தெரிந்த கோடி போன்ற பிளேயரை ஆண்ட்ராய்டு டிவியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒலி என்றால் பெரும்பாலும் டிடிஎஸ் என்ற வகை. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து அதை விட்டுவிட்டது. எல்ஜி 2020இல் விட்டு, 2023இல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. ஒலியை மட்டும் மாற்றுவது லேசான வேலை, பழைய கம்ப்யூட்டரும் தாங்கும். ஆனால் வடிவம் மாற்றத் தெரியாத வெறும் டிஎல்என்ஏ சர்வர் என்றால் படம் வரும், சத்தம் வராது. டிவி ஸ்பீக்கர் போய்விட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

வீடியோதான் காரணம் என்றால் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் சிப்பை வேலைக்கு வையுங்கள். இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றில் வீடியோவை மாற்றுவதற்கென்றே குவிக் சிங்க் என்ற வசதி இருக்கிறது. 10 பிட் எச்.265 என்ற முறையில் சுருக்கிய படங்களைப் பிரிக்க ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஜெல்லிஃபினில் இது இலவசம், பிளேபேக் அமைப்பில் நாமே போய் ஆன் செய்ய வேண்டும். பிளெக்ஸில் பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா கேட்கும்.

வைஃபையே குற்றவாளியாக இருப்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மாடியில் ரவுட்டர், நடுவில் கான்கிரீட், டிவி 2.4 கிகாஹெர்ட்ஸில் மாட்டியிருக்கிறது, அக்கம்பக்கத்து வீடுகளும் அதே சேனலில் என்றால் படம் திணறத்தான் செய்யும். ஆனால் டாஷ்போர்டு டைரக்ட் பிளே என்று காட்டி, சிபியுவும் சும்மா இருந்து, அப்போதும் நின்றால்தான் சந்தேகம் அங்கே போக வேண்டும். இன்னொன்று: நிறைய டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. 4கே புளூரேயின் பிட்ரேட் உச்சத்தில் அதைத் தாண்டிவிடும். அந்த மாதிரிப் படத்துக்கு நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வயரைவிட மேல்.

டிவி ஒரு ரவுட்டரில், கம்ப்யூட்டர் இன்னொன்றில்

"ரெண்டும் ஒரே வீட்டு வைஃபைதானுங்களே" என்பார்கள். இல்லை. கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். அதன் பின்னால் நாமாக வாங்கிய ரவுட்டரை மாட்டும்போது வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உண்டாகிவிடுகிறது. உதாரணமாக, ஒன்றின் முகவரிகள் 192.168.1 என்று தொடங்கும், மற்றது 192.168.0 என்று தொடங்கும். டிவி சர்வரைத் தேடும்போது 239.255.255.250 என்ற பொது முகவரிக்குக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் தன் நெட்வொர்க்கைத் தாண்டிக் கேட்காது. அதனால் சர்வர் பட்டியலே காலியாக வரும். டிவியிலும் கம்ப்யூட்டரிலும் ஐபி முகவரியைப் பாருங்கள். மூன்றாவது எண் வேறாக இருந்தால் சங்கதி இதுதான். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் போடாமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) மாற்றினால் தீர்ந்தது. விருந்தாளிகளுக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையில் டிவியை மாட்டுவதும் இதே ரகம்.

விண்டோஸில் பப்ளிக் நெட்வொர்க்

பிரைவேட் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஃபயர்வால் டிவியை உள்ளே விடாது.

கம்ப்யூட்டரைத் தூங்க விடுவது

ஸ்லீப்பை நெவர் என்று வையுங்கள்.

ஐபி முகவரியை மாற விடுவது

இடவப்பாதியில், அதாவது ஜூன் மாத மழைக்காலத்தில், எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் புதிதாக எழுந்து முகவரிகளைப் பங்கு போடும். நேற்று 192.168.1.5 ஆக இருந்த கம்ப்யூட்டர் இன்றைக்கு 8 ஆகியிருக்கும், டிவி ஆப் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

தமிழ் சப்டைட்டிலைச் சோதிக்காமல் விடுவது

யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்த சப்டைட்டில் டிவியில் குப்பையாகத் தெரியும். கோப்பு யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் வெறும் கட்டங்கள் வந்தால் டிவி பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். இன்னும் சில பிளேயர்களில் எழுத்து வரும், ஆனால் 'கெ' என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படித் தெரிந்தால் கோப்பைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். பிளேயர் ஆப்பை மாற்றிப் பாருங்கள். சர்வரே எழுத்தைப் பதித்து அனுப்புகிறது என்றால் சர்வர் ஓடும் கம்ப்யூட்டரில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். அரவை வேலை கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளியில் லேன் கேபிள் இழுப்பது

தோட்டத்து வீட்டுக்கும் ஒரு டிவி வேண்டும் என்று தென்னைகளுக்கு நடுவே லேன் கேபிள் இழுக்கிறார்கள். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்க ஆரம்பித்தால் அந்தச் செம்புக் கம்பி வழியாக வந்து ரவுட்டர் போர்ட்டையும் டிவி போர்டையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒரே வீட்டில் இரண்டு வருஷம் அடுத்தடுத்து இதைப் பார்த்தேன். இரண்டு முனையிலும் கன்வெர்ட்டர் வைத்து ஃபைபர் இழுங்கள். அதில் மின்சாரம் பாயாது.

துபாயில் இருக்கும் தம்பிக்காக போர்ட் திறப்பது

வேண்டாம். அது ரவுட்டரில் வெளியாட்களுக்கும் வாசல் திறப்பது. டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு என்ற விபிஎன் (தனிப்பாதை) மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள்.

எஃப்ஏடி32 டிஸ்க்

எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

வாத்தியார் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். வீடியோக்காரர் கொடுத்தவை கேமராவில் எடுத்தபடியே இருந்த கிளிப்புகள். எச்.264தான், ஆனால் 10 பிட், 4:2:2 வகை. எடிட் செய்கிறவர்களுக்காக இருக்கும் வடிவம் அது, அவர் டிவிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் சிப்பும் கைகொடுக்கவில்லை, மொத்த பாரமும் சிபியு தலையில். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அரைப்பதற்குப் பதில் ஒரே தடவை அரைத்து வைத்துவிடலாம் என்று சொல்லி, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எல்லா கிளிப்பையும் வரிசையில் போட்டு, சாதாரண 8 பிட் எச்.264 ஆக மாற்ற விட்டுவிட்டு வந்தேன். அசல் கோப்புகளை அழிக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "தாலி கட்டியாச்சுங்க தம்பி, எங்கேயும் நிக்கல" என்றார். பெட்டி பிரிக்காத அந்த ரவுட்டரைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று அடுத்து கேட்டார். பில் இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள் என்றேன்.