மனு அடிப்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் மீனவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பவர்களே, 'மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, ராமநாதபுரம் மாவட்டம்' என்று ஒவ்வொரு தடவையும் முழுசாக அடிக்க வேண்டாம். வேர்டில் அந்த வரியைத் தேர்வு செய்துகொண்டு ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போங்கள். ரீப்ளேஸ் கட்டத்தில் 'மீநது' என்று கொடுத்து, ஆட் அழுத்துங்கள். அப்புறம் 'மீநது' அடித்து ஸ்பேஸ் தட்டினால் முழு வரியும் வந்துவிடும்.

சுருக்கம் மட்டும் நிஜச் சொல்லாக இருக்கவே கூடாது. 'மீது' என்று வைத்தால், 'படகு மீது' என அடிக்கும்போதெல்லாம் துறையின் பெயர் நடுவில் வந்து நிற்கும். அவசரத்தில் அது கண்ணில் படாமல் மனு அலுவலகத்துக்கே போய்விடும். தவறி விரிந்தால் உடனே கன்ட்ரோல் இசட் போதும். பலர் உட்காரும் கணினி என்றால், யாருடைய ஆதார் எண்ணையும் இப்படிச் சேமிக்காதீர்கள்.