பித்தப்பைக் கல்லைக் கரைக்கும் மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரையைக் கல்லை உடைத்து வெளியேற்றும் மருந்து என்றே பலர் எண்ணுகிறார்கள். அது முதலில் மாற்றுவது பித்தநீரைத்தான். பித்தநீர் மாறிய பிறகே கல் கரையத் தொடங்குகிறது. சிகிச்சையில் நேரும் பெரும்பாலான தவறுகள் இதை அறியாததால் வருபவை.

பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கரைத்து வைத்திருப்பவை பித்த அமிலங்களும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும். அவை தாங்கும் அளவைக் கொலஸ்ட்ரால் மீறும்போது படிகங்கள் தோன்றிக் கல்லாக வளர்கின்றன. மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டால், கல்லீரல் பித்தநீரில் சுரக்கும் கொலஸ்ட்ராலும் குடல் உறிஞ்சும் கொலஸ்ட்ராலும் குறைகின்றன. அப்படிச் செறிவு குறைந்த பித்தநீர், கல்லின் மேற்பரப்பிலிருந்து கொலஸ்ட்ராலைச் சிறிது சிறிதாக எடுத்துச் செல்கிறது. நன்றாகக் கரையும் கல்லே மாதத்திற்குச் சுமார் 1 மி.மீ. அளவுதான் சிறுத்துப்போகும்.

எந்தக் கல்லானாலும் கரையும் என்று நம்புவது முதல் தவறு. கொலஸ்ட்ராலால் அல்லாமல் பித்தநீரின் நிறமியால் ஆன நிறமிக் கற்களும் கால்சியம் படிந்த கற்களும் இதற்கு மசிவதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கல் இருப்பதைக் காட்டுமே தவிர, அது எதனால் ஆனது என்பதைத் தெளிவாகச் சொல்லாது. கால்சியம் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேனில் பார்ப்பார்கள். 5 மி.மீ.க்கு உட்பட்ட கற்களில் பலன் அதிகம், 15 மி.மீ.க்கு மேற்பட்டவற்றில் மிக அரிது. மருந்து கலந்த பித்தநீர் உள்ளே சென்று திரும்ப வேண்டும் என்பதால், பித்தப்பை சுருங்கி விரிவதும் அதன் குழாய் அடைபடாமல் இருப்பதும் கட்டாயம்.

வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பரவலான தவறு. கல் கரையாத நிலையிலேயே வலி குறையக்கூடும். நிறுத்திய சில வாரங்களில் பித்தநீர் பழைய செறிவுக்கே திரும்பிவிடும் என்பதால், 6 மாதம் முதல் 2 ஆண்டுகள் வரை நீளக்கூடிய இந்தச் சிகிச்சையில் விட்டுவிட்டு உண்பது வீண். ஸ்கேனில் கல் மறைந்த பிறகும், கண்ணுக்குத் தென்படாத நுண்படிகங்களுக்காக, வழக்கமாக மேலும் சுமார் 3 மாதங்கள் தொடர்ந்து, மறு ஸ்கேனில் உறுதி செய்துகொள்வார்கள். மாறாக, ஓராண்டு ஒழுங்காக உட்கொண்டும் கல் சிறிதும் சுருங்கவில்லை என்றால், அதன் பிறகு கரையும் வாய்ப்பு மிகக் குறைவு.

அளவைத் தாமாகக் குறைப்பதும் கூடாது. கல்லைக் கரைக்க உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மி.கி. தேவை, 60 கிலோ எடையுள்ளவருக்கு 480 முதல் 600 மி.கி. இதில் பாதியை உண்டால் பித்தநீரின் கொலஸ்ட்ரால் செறிவு தேவையான அளவுக்கு இறங்காமல் போகலாம். அலுமினியம் கலந்த அமில நீக்கிகளும், கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் கொலஸ்டிரமைன் என்ற மருந்தும் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றைச் சேர்த்து விழுங்கக் கூடாது. பட்டினி கிடந்து வேகமாக எடை குறைப்பதும் பித்தநீரில் கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும்.

கரைந்த கல் திரும்ப வராது என்ற எண்ணமும் தவறுதான். பித்தப்பை அங்கேயே இருப்பதால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் மீண்டும் கல் உருவாகிறது. அடிக்கடி வலி வந்து, அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலையும் உள்ளவருக்குப் பித்தப்பையை அகற்றச் சொல்வது இதனால்தான்.

வலியுடன் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால், மாத்திரை வேலை செய்யட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.