ரசிகர் குரூப் சீசன் ஃபுல்லா உதவி வேலை பண்றது எப்படி

மேட்ச்சுக்கு எப்படியும் கூட்டம் வரும், அதுதான் நம்ம பெரிய பலம், அதனால தனியா விழா எல்லாம் வைக்காம மேட்ச் நாள்லயே வேலைய வச்சுக்கோங்க. இங்கிலாந்துல லிவர்பூல் ஊர்ல 2015ல லிவர்பூல், எவர்டன்னு ரெண்டு ஃபுட்பால் கிளப்போட ரசிகர்கள் சேந்து உணவு வங்கிக்காக (இல்லாதவங்களுக்கு சாப்பாட்டு சாமான் குடுக்குற இடம்) ஸ்டேடியம் வாசல்ல சாமான் சேக்க ஆரம்பிச்சாங்க. உள்ள பரம எதிரிங்க, வெளிய ஒரே வண்டிக்கு மூட்டை தூக்குனாங்க!

சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே யாருக்கு உதவப்போறீங்களோ அவங்ககிட்டயே போய் என்ன வேணும்னு கேளுங்க, நாமளா முடிவு பண்ணா பழைய துணிதான் மலையா குவியும். 20 டீம் லீக்ல மத்த ஒவ்வொரு டீம்கூடயும் சொந்த கிரவுண்ட்ல ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு ஆடுனா சொந்த கிரவுண்ட்ல 19 மேட்ச், எல்லாத்துலயும் நிக்கணும்னு ஆசப்படாதீங்க, ஆறு ஏழு போதும். கிளப்கிட்ட பர்மிஷன் மறக்காம வாங்கிடுங்க.

காசு விஷயம்தான் குரூப்ப ஒடைக்கும். உண்டியல சீல் வைங்க, ரெண்டு பேர் சேந்து எண்ணுங்க, அன்னைக்கு ராத்திரியே கணக்க குரூப்ல போடுங்க, நண்பன்தானேன்னு விட்டீங்க அவ்ளோதான். அப்புறம் டீம் வரிசையா நாலு மேட்ச் தோத்தா வாலண்டியர் பாதி பேர் காணாம போயிடுவாங்க (நானும் ஒரு தடவ எஸ்கேப் ஆனவன்தான்), அதனால யாருக்கு எந்த மேட்ச்னு முன்னாடியே டியூட்டி போட்டு, ரெண்டு ஆள் எக்ஸ்ட்ராவும் வைங்க. பசங்களுக்கு கோச்சிங் குடுத்தா எப்பவும் ரெண்டு பெரியவங்க கூட இருக்கணும்.