ரோலர் அழுத்தம் சீராக இருக்கிறதா? ஃபிலிமே காட்டிக்கொடுக்கும்

மெஷினில் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் இரண்டு ரோலர்களும் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி அழுத்துகின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அழுத்தம் பட்டால் சிவக்கும் ஃபிலிமை வைத்துப் பார்த்துவிடலாம். அழுத்தம் கூடக்கூட நிறமும் அடர்த்தியாகும்.

முதலில் மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள். இதில் சமரசமே வேண்டாம். ரோலர்களை விலக்கி, எண்ணெய், பிசிறு போகத் துடைத்துவிட்டு ஃபிலிமை ஒரு ரோலரின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். இரண்டு தாள் வகையென்றால் பூச்சுள்ள பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பிறகு ரோலரை மெதுவாக இறக்கி, வழக்கமான அழுத்தத்தில் 2 நிமிடம் வைத்துவிட்டு விலக்குங்கள். ரோலரைச் சுழற்றவே கூடாது, உராய்ந்தாலும் சிவக்கும். படாரென்று இறக்கினாலும் கெட்டது, ஏனென்றால் ஃபிலிமில் பதிவது உச்ச அழுத்தம்தான்.

நான் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல, ஃபிலிமில் பதிந்த சிவப்புப் பட்டையின் அகலத்தை. ஒரு முனையில் அகலம், மறுமுனையில் ஒல்லி என்றால் இரு பக்க லோடு சமமில்லை, அல்லது ரோலர் கோணலாக நிற்கிறது. இரண்டு முனையும் தடித்து நடுவில் மெலிந்தால் ரோலர் வளைகிறது. நடுப்பகுதியைச் சற்றே பருமனாகக் கடைந்த ரோலர் தேவைப்படலாம். அங்கங்கே வெள்ளைத் திட்டு விழுந்தால் ரப்பர் அந்த இடத்தில் தேய்ந்திருக்கும்.

ஒருமுறை எடுத்ததை நம்பிவிடாதீர்கள். ரோலரைக் கால் சுற்று திருப்பிவைத்து, புது ஃபிலிமில் இன்னொரு முறை எடுங்கள்.