சாய்ந்து வரும் மழைக்கு எந்தக் குடை? கடையில் பார்த்து வாங்கும் முறை

செங்கோட்டை, புளியரைப் பக்கமும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் மழை நேராக விழுவதில்லை. ஜூன் பிறந்தால் மலைக்கணவாய் வழியாகக் காற்று புகுந்து வரும். சாரலும் அதோடு சாய்ந்து வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அந்தக் காற்றில்தான் நாமும் குடை பிடிக்க வேண்டும். அதனால் துணியின் நிறத்தையும் பூவையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியவை தண்டு, கம்பி, இரண்டும் சேரும் மூட்டுகள். குடை பெரும்பாலும் மூட்டில்தான் கெடுகிறது. மூட்டைப் பிணைக்கும் ரிவெட் ஆணி கழலும், கம்பிகளைக் கோத்துப் பிடிக்கும் கட்டுக்கம்பி துருப்பிடித்து அறும், நுனியில் துணி பிய்ந்து வரும். கம்பி நடுவில் ஒடிவது குறைவு.

கடைக்குப் போகும்போது ஒரு டேப்பும் சின்னக் காந்தமும் கையில் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் போதும். ஜூன் முதல் வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் போனால் எந்தக் குடையையும் விரித்துப் பார்க்க விடமாட்டார்கள், அவ்வளவு கூட்டம் இருக்கும். மே நடுவிலேயே வாங்கிவிடுங்கள்.

படி 1: மடிப்பை முடிவு செய்யுங்கள்

மடிப்பு கூடக்கூட மூட்டும் கூடும். நீளக்குடையில், அதாவது வளைந்த கைப்பிடியுள்ள காலன் குடையில், ஒவ்வொரு கம்பியும் முட்டுக்கம்பியோடு, அதாவது தண்டிலிருந்து அதைத் தாங்கி நிற்கும் குட்டைக் கம்பியோடு, சேரும் இடத்தில் ஒரு மூட்டுதான் உண்டு. மூன்று மடிப்புக் குடையில் ஒரு கம்பிக்கு நாலைந்து ரிவெட் இருக்கும். எட்டுக் கம்பிக்குக் கணக்குப் போட்டால் முப்பதுக்கு மேல் வரும். அத்தனையும் ஆடக்கூடிய, துருப்பிடிக்கக்கூடிய இடங்கள்.

தினமும் அரை கிலோமீட்டருக்கு மேல் திறந்த வெளியில், வயல் வரப்பிலோ பாலத்திலோ மேட்டுச் சாலையிலோ நடக்கிறவர்களுக்கு நீளக்குடையே சரி. பஸ்ஸில் ஏறி இறங்கி, ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டு, நடப்பது கொஞ்சமே என்றால் மூன்று மடிப்பு போதும். இரண்டு மடிப்பு நல்ல நடுவழி. கடைகளில் இப்போது குறைவாகத்தான் இருக்கிறது, கேட்டால் உள்ளே இருந்து எடுத்துத் தருவார்கள். ஐந்து மடிப்புக் குடை வெயிலுக்கு மட்டும்தான். சட்டைப்பையில் அடங்குகிறதே என்று வாங்கி ஆடிக்காற்றில் விரிக்காதீர்கள்.

ஈரப்பக்கம் உள்ளே போகும்படி தலைகீழாக மடங்கும் குடை காரில் ஏறி இறங்குபவர்களுக்கு வசதி. இரட்டைத் துணி என்பதால் கை கனக்கும்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பதற்கு எந்தக் குடையும் உதவாது. வண்டி போகும் வேகத்தில் காற்று குடையைப் பிடித்து ஆளையே இழுத்துவிடும். அதற்கு மழைக்கோட்டு வாங்குங்கள்.

படி 2: அளவு

குடையின் அளவு என்று கடையில் சொல்வது பெரும்பாலும் கம்பியின் நீளம். 21 அங்குலம் என்றால் கம்பி சுமார் 53 செ.மீ., 23 என்றால் 58, 25 என்றால் 63, 27 என்றால் 68 செ.மீ. குடை வளைந்து நிற்பதால் விரித்த அகலம் கம்பி நீளத்தின் இரண்டு மடங்குக்குக் குறைவாகவே வரும். 23 அங்குலக் குடை விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். 27 அங்குலம் சுமார் 120 செ.மீ. சில அட்டைகளில் துணியின் மேல் வளைவாக அளந்த கணக்கைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பாமல், விரித்துவைத்து ஒரு கம்பி நுனியிலிருந்து எதிர்நுனி வரை டேப்பை நேராகப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

ஒரு ஆள், தோளில் ஒரு பை: 23 அங்குலம். குழந்தையைக் கையில் பிடித்து நடப்பவருக்கு 25. பெரிய குடைதானே நல்லது என்று 30 அங்குலத்துக்குப் போய்விடாதீர்கள். அகலம் 100 செ.மீ.யிலிருந்து 130 ஆனால், காற்று தள்ளும் பரப்பு கிட்டத்தட்ட 1.7 மடங்கு ஆகிவிடும். மணிக்கட்டு தாங்காது.

அகலத்தோடு ஆழத்தையும் பாருங்கள். தட்டையாக விரியும் குடை அழகாக இருக்கும், ஆனால் சாய்ந்து வரும் சாரல் நெஞ்சுவரை நனைக்கும். குழிவாக இறங்கும் குடையைத் தோளுக்கு நெருக்கமாகப் பிடிக்கலாம், காற்றும் அடியில் அவ்வளவாகப் புகாது. நம் பக்கத்துக்கு ஆழமானதே ஏற்றது.

படி 3: காந்தம் வையுங்கள்

‘ஃபைபர் குடை’ என்று அட்டையில் எழுதியிருந்தால் முழுக்க ஃபைபர் என்று எண்ண வேண்டாம். மூன்று மடிப்பில் பல நேரம் கம்பியின் கடைசித் துண்டு மட்டும் ஃபைபர். நடுத்துண்டு அலுமினியம், தண்டை ஒட்டிய துண்டு இரும்பு. ஒவ்வொரு துண்டிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், பளபளப்பாக, தகடு மடித்த வாய்க்கால் வடிவத்தில் இருந்தால் அலுமினியம். ஒட்டாமல் உருண்டையான கெட்டிக் குச்சியாக இருந்தால் ஃபைபர்.

இரும்புக் கம்பி விறைப்பாக நிற்கும். 1852-ல் இங்கிலாந்தின் சாமுவேல் ஃபாக்ஸ் கொண்டுவந்த வாய்க்கால் வடிவக் கம்பிதான் இன்றைய இரும்புக் கம்பிக்கும் மூலம். எடை குறைவு, பலம் அதிகம். ஆனால் ஒருமுறை முறுக்கி வளைந்துவிட்டால் நிமிர்த்தினாலும் அதே இடத்தில் மறுபடி மடங்கும். ஃபைபர் வளைந்து கொடுத்துத் திரும்பி வரும், துருவும் பிடிக்காது. அலுமினியம் மூன்றிலும் மென்மை, வளைந்தால் வளைந்ததுதான். காற்றடிக்கும் ஊருக்கு அலுமினியம் குறைவாக இருக்கும் குடையைத் தேடுங்கள். நீளக்குடை என்றால் 3 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள ஃபைபர் கம்பியும் ஃபைபர் தண்டும் நல்ல சேர்க்கை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போல உப்புக்காற்று அடிக்கும் கடற்கரை ஊர்களில் இதையே முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஃபைபர் தண்டு மின்சாரம் கடத்தாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி இடி மின்னலில் வெட்டவெளியில் குடை பிடித்து நிற்கக் கூடாது.

கம்பிகள் எத்தனை? எட்டு போதும், பத்து இருந்தால் நல்லது. பதினாறு, இருபத்திநாலு கம்பிக் குடைகள் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அவற்றில் கம்பி ஒவ்வொன்றும் மெலிந்திருப்பதும், எடை கூடுவதும் சகஜம்.

படி 4: ஆட்டிப் பாருங்கள்

தேர்வில் பாதி இங்கேதான் முடிகிறது, அவசரப்படாதீர்கள்.

குடையை முழுவதும் விரித்து, கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக ஆட்டுங்கள். உச்சியில் கடகடவென்று சத்தம் வந்தால் தண்டு உச்சியோடு இறுக்கமாகப் பொருந்தவில்லை. அடுத்து, மடிப்புக் குடையின் தண்டை இழுத்து நீட்டி, கைப்பிடியை ஒரு கையிலும் மேல் தண்டை மறுகையிலும் பிடித்துத் திருகுங்கள். வட்டக் குழாய்களாக இருந்தால் சுழல வாய்ப்புண்டு. அறுகோணமாகவோ பள்ளம் வைத்தோ செய்த தண்டு சுழலாது.

தண்டில் மேலும் கீழும் ஓடும் ரன்னரைப் பாருங்கள். அதுதான் முட்டுக்கம்பிகள் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. விரித்த நிலையில் ரன்னரைக் கீழே இழுங்கள், பூட்டு விடக்கூடாது. நான்கைந்து முறை விரித்து மடக்குங்கள். ஒருமுறையாவது பூட்டு வழுக்கினால் அந்தக் குடையை ஓரமாக வைத்துவிடுங்கள். காற்றில் அதே வழுக்கல் குடையைத் தலைமேல் மூடிவிடும்.

இனி உள்ளே எட்டிப் பாருங்கள். கம்பிகள் உச்சியில் ஒரு மெல்லிய கட்டுக்கம்பியில் கோக்கப்பட்டிருக்கும், ரன்னரிலும் அப்படித்தான். துரு முதலில் பிடிப்பது இந்த இரண்டு இடத்தில். முனை முறுக்கி உள்ளே மடக்கியிருக்க வேண்டும், விரலில் குத்தினால் சீக்கிரம் துணியையும் கிழிக்கும். ஒவ்வொரு ரிவெட்டையும் விரலால் அசைத்துப் பாருங்கள். லேசாக ஆடலாம், தலை பாதி மட்டும் விரிந்திருந்தால் கழன்று வரும்.

தானாக விரியும் பட்டன் நல்லது. விரியவும் மடங்கவும் ஒரே பட்டன் உள்ள குடை, ஒரு கையில் பை இருக்கும்போது பஸ் படியில் உதவும். ஆனால் மடங்கிய பின் தண்டை உள்ளே தள்ளிப் பூட்டும்போது ஸ்பிரிங்கை எதிர்த்து அழுத்த வேண்டும். பாதியில் கையை விட்டால் கைப்பிடி பாய்ந்து வந்து முகத்தில் அடிக்கும். சிறு குழந்தைகளுக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு 17 முதல் 19 அங்குலத்தில், கையால் விரிக்கும், உருண்டை நுனி மூடியுள்ள, ஒரு பக்கமாவது கண்ணாடி போலத் தெரியும் துணி வைத்த குடை வாங்குங்கள். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும்.

படி 5: துணி

இப்போது வரும் துணிகள் பெரும்பாலும் பாலியஸ்டர். 170டி, 190டி, 210டி என்று எழுதியிருப்பது ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் உள்ள இழைகளின் கூட்டுத்தொகை. 190-க்குக் குறையாமல் பாருங்கள். பாஞ்சி என்பதும் பாலியஸ்டர்தான். மென்மை அதிகம், விரிக்கும்போது சரசரப்பு குறைவு. நைலான் நீரை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சி நனைந்தால் தொய்யும், தொடர்ந்து வெயிலில் நின்றால் சீக்கிரம் இற்றுப்போகும். பழைய கறுப்புப் பருத்திக் குடை நனைந்தால் இழைகள் ஊதி இறுகும், நல்ல நிழலும் தரும். ஆனால் கனம், காயத் தாமதம், ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை.

விரித்த துணியை விரலால் தட்டுங்கள். உறுமித்தோல் போல இறுக்கமாக இருக்க வேண்டும். ஓரத்தில் சுருக்கம் விழுந்தால் அந்தத் துண்டை வெட்டியதில் தவறு இருக்கிறது. தொய்ந்த துணி காற்றில் படபடத்துத் தையலைப் பிரிக்கும். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். தையல் ஓரத்தில் ஊசிப்பொட்டுகளாக வெளிச்சம் தெரிந்தால் கனமழையில் நுண்ணிய தூறல் உள்ளே இறங்கும். தையல் செ.மீ.க்கு மூன்று நான்கு இருந்தால் நல்லது. உச்சியில் தண்டு துளைத்து வரும் இடத்தில் மேல் மூடிக்கு அடியில் வட்டமான துணியோ வாஷரோ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்டு வழியாக நீர் கைக்கு வரும்.

துணி கம்பியோடு நுனியில் மட்டும் சேர்ந்திருந்தால் போதாது. நடுவில் மூட்டுக்கு அருகிலும் நூலால் கட்டியிருக்க வேண்டும். எட்டுக் கம்பியிலும் எண்ணிப் பாருங்கள், ஒன்றிரண்டில் விட்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

இரண்டடுக்குத் துணியில் உச்சிக்கு அருகே காற்றுவழி விட்ட குடைகள் புரளுவது குறைவு. மேலடுக்கு கீழடுக்கின் மேல் நன்றாக, நாலு விரலாவது, படிந்திருக்க வேண்டும். கொஞ்சமாகப் படிந்தால் சாரல் அந்த இடுக்கில் உள்ளே வரும்.

படி 6: வெயிலுக்கும் இதே குடையா?

மார்ச் முதல் மே வரை இதே குடையைப் பிடிப்பதானால் உள்பூச்சைக் கவனியுங்கள். வெள்ளிப் பூச்சு மடிப்புக் கோட்டில் வெடித்து உதிரும். கடையிலேயே மடிப்பு விழுந்த இடத்தை நகத்தால் லேசாக உரசினால் பொடி வருகிறதா என்று தெரிந்துவிடும். கறுப்புப் பூச்சு அதிக நாள் நிற்கும், தார்ச்சாலையிலிருந்து எதிரொளிக்கும் கூச்சத்தையும் குறைக்கும். அட்டையில் யுபிஎஃப் 50+ என்றிருந்தால் புறஊதாக் கதிரில் 2 சதவீதத்துக்கு மேல் துணி உள்ளே விடாது என்று பொருள். இருட்டுச் சாலையில் நடப்பவர்கள் வெளிர்நிறமோ மின்னும் ஓரப்பட்டியோ உள்ளதை எடுத்தால் பாதுகாப்பு.

கம்பெனிப் பெயர் உங்கள் விருப்பம். ஆலப்புழையில் 1954-ல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் குடைக்கடை 1995-ல் பாப்பி, ஜான்ஸ் என்று இரண்டாகப் பிரிந்தது. களியக்காவிளை முதல் செங்கோட்டை வரை கடைகளில் இரண்டையும் பார்க்கலாம். எந்தப் பெயரானாலும் மேலே சொன்னவற்றை அந்தந்தக் குடையிலேயே பாருங்கள், பில்லை எடுத்து வையுங்கள்.

படி 7: வீட்டில் முதல் நாள்

விரித்து, உச்சியில் ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். துளி உருண்டு ஓட வேண்டும். உள்ளே தண்டிலோ தையலிலோ ஈரம் கண்டால் அன்றே மாற்றுங்கள். உருண்டு ஓடும் அந்தத் தன்மை சில மாதங்களில் குறைவது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நனைந்த குடையை மடக்கி மூலையில் சாத்தாதீர்கள். பாதி விரித்து நிழலில் காயவிட்டு, பிறகு மடக்குங்கள். கடலோர ஊர்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கம்பியை அலசிக் காயவிடுங்கள். மூட்டுக்கு எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய், ஒரு துளி, உடனே துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும், துணியில் கறையும் விழும்.

காற்றில் குடை மேலே புரண்டால் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். காற்றுக்கு எதிராகத் திரும்பி நின்று ரன்னரைக் கீழே இறக்குங்கள். பட்டன் குடையானால் மடக்கும் பட்டனை அழுத்துங்கள். கம்பிகள் பெரும்பாலும் தாமாகவே இடத்துக்கு வரும்.

நுனி மூடி கழன்றால் ரிப்பேருக்குப் போக வேண்டியதில்லை. துணியின் மூலையில் மூடியின் ஓட்டையைப் பொருத்தி, பட்டன் தைக்கும் தடித்த பாலியஸ்டர் நூலை இரட்டையாகக் கோத்து, ஓட்டை வழியாக ஐந்தாறு முறை தையுங்கள். முடிச்சு துணியின் உள்பக்கம் வரட்டும். மூடியைக் கம்பியில் மாட்டும்போது துணி கொஞ்சம் இழுபட்டுத்தான் நுழையும். இழுக்காமலே நுழைந்தால் தையலைத் துணிக்குள் அரை செ.மீ. தள்ளிப் போடுங்கள்.