விழுந்த ட்ரோனைத் தேட ஒரு குறிப்பு

வன்னியில் வயலுக்கு மேலே ட்ரோன் பறக்கவிடுபவர்களுக்கு: ஜிபிஎஸ் இடத்தைக் கணிக்கும், அவ்வளவுதான். அதை உங்கள் போனுக்குக் கொண்டுவருவது ரேடியோ சிக்னல். ட்ரோன் மரங்களுக்குக் கீழே இறங்கினால் அந்த சிக்னல் அறுந்துவிடலாம். ஆகவே திரையில் நிற்கும் கடைசிப் புள்ளியை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் புள்ளியின் ஆள்கூற்றை (அகலாங்கு, நெட்டாங்கு எண்களை) எழுதும்போது 5 தசமதானம் வரை எழுதுங்கள். அது ஏறத்தாழ 1 மீட்டர் துல்லியம். மூன்றோடு நிறுத்தினால் 100 மீட்டர் பற்றைக்குள் அலையவேண்டியதுதான். சிக்னல் திரும்ப வேண்டுமா, குளக்கட்டில் ஏறிப் பாருங்கள். காட்டுப்பக்கம் கவரேஜை நம்ப முடியாது, வரைபடத்தை வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். அப்புறம், சிவப்பு மிதிவெடிப் பலகை தெரிந்தால், புள்ளி பத்தடி தள்ளித்தான் என்றாலும் உள்ளே போகாதீர்கள். கிராம சேவகரிடம் சொல்லுங்கள். ட்ரோன் போனால் போகட்டும்.