சிப் கம்பெனியை நடத்துவது பணமா, ஆட்களா: ஆண்டறிக்கையை வைத்தே பார்ப்பது எப்படி

எனக்கு சிப் வெரிஃபிகேஷனில் வேலை, அதாவது சிப் தயாரிப்புக்குப் போகும் முன்பே டிசைனில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பது. ஜூனியர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "அண்ணா, அந்தக் கம்பெனி ஆர் அண்ட் டிக்கு இவ்வளவு செலவு பண்றாங்களே, போய்ச் சேரலாமா?" செலவுத் தொகையை மட்டும் பார்த்துப் போகாதீர்கள் என்பேன். டிசைன் வேலை ஆட்களை நம்பி நடக்கிறது, ஃபேப், அதாவது சிப்பை அச்சிடும் தொழிற்சாலை, பணத்தை நம்பி நடக்கிறது. நீங்கள் சேரப்போவது எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அறிக்கையை எடுங்கள். அமெரிக்கக் கம்பெனி என்றால் அங்குள்ள பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசியின் எட்கர் தளத்தில் டென்-கே என்ற ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கும். ஒரு வருஷத்து அறிக்கை போதாது, குறைந்தது ஐந்து வருஷத்துடையது வேண்டும். புதிய ப்ராசஸர் கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) ஒன்று காகிதத்தில் தொடங்கிக் கடைக்கு வர நாலைந்து வருஷம் பிடிக்கும். இன்று பெயர் வாங்கும் சிப்புக்கான செலவு பழைய அறிக்கையில்தான் கிடக்கும்.

வருமானத்தில் எத்தனை சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. 2015-ல் ப்ராசஸர் கம்பெனியான ஏஎம்டியின் விற்பனை சுமார் 400 கோடி டாலர், ஆராய்ச்சிச் செலவு 95 கோடி. அதன் போட்டியாளரான இன்டெலின் விற்பனை 5,500 கோடிக்கு மேல், ஆராய்ச்சிக்கு 1,210 கோடி. சதவீதத்தில் ஒன்று 24, இன்னொன்று 22, கிட்டத்தட்ட சமம். தொகையில் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். போதாததற்கு ஏஎம்டியின் ஆராய்ச்சிச் செலவு 2012-ல் இருந்த 135 கோடியிலிருந்து இறங்கி வந்திருந்தது. எண்ணை மட்டும் பார்த்தவர்கள் கம்பெனி முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். பங்கு விலையும் அப்போது இரண்டு டாலருக்குக் கீழே போனது.

ஆனால் அந்த வருஷங்களில்தான் ஏஎம்டிக்குள் ஸென் என்ற புதிய கோர் உருவாகிக்கொண்டிருந்தது. 2012-ல் சிப் வடிவமைப்பாளர் ஜிம் கெல்லர் ஏஎம்டிக்குத் திரும்பி வந்தார், மைக் கிளார்க் தலைமையில் கோர் வேலை நடந்தது, 2017 மார்ச்சில் அந்தக் கோரை வைத்துச் செய்த ரைசன் ப்ராசஸர் வந்தது. ஒரு கிளாக்கில் (சிப்பின் ஒரு துடிப்பில்) முடிக்கும் வேலை முந்தைய கோரைவிட 52 சதவீதம் கூடுதல் என்று கம்பெனி அறிவித்தது. வைத்திருந்த இலக்கு 40 தான்.

எனவே அடுத்து நீங்கள் தேட வேண்டியது, கை வற்றியபோது எதை வெட்டினார்கள் என்பது. ஏஎம்டி 2012-ல் 33 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சீமைக்ரோ சர்வர் தொழிலை 2015-ல் மூடியது. ஸ்கைபிரிட்ஜ் என்ற சிப் திட்டத்தைக் கைவிட்டது. மொபைல்களில் இருக்கும் ஆர்ம் வகைக் கோரான கே12 தள்ளிப்போய் கடைசிவரை வரவேயில்லை. ஸென் குழுவை மட்டும் கலைக்கவில்லை. கெட்டிக்காரர்களைச் சேர்ப்பதைவிட, கஷ்ட காலத்தில் அவர்களை ஒரே வேலையில் விட்டுவைப்பதுதான் அரிது என்பது என் கணிப்பு. டென்-கேயில் இதை 'மறுசீரமைப்பு' என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள். சலிப்பான பக்கங்கள்தான், ஆனாலும் தலைவரின் கடிதத்தைவிட அவற்றில் விஷயம் அதிகம்.

அதே அறிக்கையில் கேஷ் ஃப்ளோ பக்கத்துக்குப் போய், சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க எவ்வளவு போனது என்று பாருங்கள். இன்டெல் 2019-ல் அதற்குச் செலவிட்டது சுமார் 1,360 கோடி டாலர். ஆராய்ச்சிக்குப் போனதும் கிட்டத்தட்ட அதே தொகைதான். 2016-க்குள் வரவேண்டிய அவர்களுடைய 10 நானோமீட்டர் தலைமுறைச் சிப்புகள் பெருமளவில் வந்ததும் அந்த 2019-ல்தான். பணப் பஞ்சத்தால் வந்த தாமதம் இல்லை அது. ஈயூவி என்ற நுண்ணிய ஒளி அச்சு முறை இல்லாமலே டிரான்சிஸ்டர்களை ஒரே தாவலில் மிக நெருக்கமாக அடைக்கப் பார்த்தார்கள், விளைச்சல் (பழுதில்லாமல் வரும் சிப்புகளின் அளவு) வரவில்லை.

சரி, அப்படியானால் திறமை ஜெயித்தது என்று எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஏஎம்டிக்கு அப்போது சொந்த ஃபேப் கிடையாது, அதை 2009-லேயே பிரித்து அபுதாபி முதலீட்டில் குளோபல்ஃபவுண்டரிஸ் ஆக்கியிருந்தார்கள். அந்தக் கம்பெனி 2018 ஆகஸ்டில் அடுத்த தலைமுறையான 7 நானோமீட்டர் வேலையை நிறுத்திவிட்டது. போட்டியில் நிற்கத் தேவையான தொகை அவ்வளவு பெரியது. ஏஎம்டியின் அடுத்த தலைமுறை, மற்ற கம்பெனிகளுக்குச் சிப் தயாரித்துக் கொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சியில் அச்சானது. டிஎஸ்எம்சி 2021-ல் ஃபேப்புக்கும் கருவிகளுக்கும் போட்ட முதலீடு சுமார் 3,000 கோடி டாலர். அந்த வருஷத்து ஏஎம்டியின் மொத்த விற்பனையே 1,640 கோடிதான். வாடகை வீட்டில் இருப்பவர் அஸ்திவாரச் செலவைப் பற்றிக் கவலைப்படாத மாதிரிதான் இது. டிசைன் கம்பெனியின் அறிக்கையைப் படிக்கும்போது அதன் ஃபேப் யாருடையது, அந்த ஃபேப்பின் முதலீடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

1985-ல் ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் முதல் ஆர்ம் சிப்பைச் செய்தபோது, தான் அவர்களுக்குப் பணமும் தரவில்லை, ஆட்களும் தரவில்லை, அதனால்தான் எளிமையாகச் செய்தார்கள் என்று முதலாளி ஹெர்மன் ஹவுசர் பின்னாளில் சொன்னார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சிப்பைத் தயாரித்துக் கொடுத்தது விஎல்எஸ்ஐ டெக்னாலஜி என்ற வேறொரு கம்பெனி.

கடைசியாக இன்டர்வியூ. "எங்களிடம் கேட்க எதாவது இருக்கிறதா?" என்பார்களே, அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள். போன டேப்-அவுட்டில் (டிசைனை முடித்து ஃபேப்புக்கு அனுப்புவதில்) இருந்த குழுவில் எத்தனை பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள்? வெரிஃபிகேஷன் முடியவில்லை என்றால் டேப்-அவுட் தேதியைத் தள்ளிவைக்க யாருக்கு அதிகாரம்? இரண்டாவது கேள்விக்கு ஒரு இன்ஜினியரின் பதவியைச் சொன்னால் சம்பளப் பேச்சுக்குப் போகலாம். ஃபைனான்ஸ் பக்கம் கை காட்டினால் வேறு கம்பெனியின் அறிக்கையை டவுன்லோட் செய்யுங்கள்.